கொலையாளி யார் என்று மட்டும் கேட்காதீர்கள்: துப்பறியும் கதைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் எங்களுக்கு ஒரு மருந்துக் கடை. கல்லாவுக்குப் பின்னால், இருமல் சிரப் அடுக்கும் தட்டுக்குக் கீழே, இரண்டு தட்டு நிறையத் துப்பறியும் நாவல்கள். மாத்திரை வாங்க வருகிறவர்கள் மீதிச் சில்லறைக்குக் காத்திருக்கும் நேரத்தில் அந்தத் தட்டைப் பார்ப்பார்கள், ஏதாவது கேட்பார்கள். இருபது வருஷமாகக் கேட்கிறார்கள், ஆனால் கேள்விகள் பெரும்பாலும் அதேதான். பின்னால் சீட்டை நீட்டிக்கொண்டு நாலு பேர் நிற்கும்போது நிதானமாகப் பதில் சொல்ல முடிவதில்லை. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன். எந்தக் கதையின் கொலையாளியையும் இதில் சொல்லவில்லை, பயப்படாமல் படிக்கலாம்.

அண்ணே, இதுவரைக்கும் ஒண்ணுமே படிச்சதில்லை. எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?

பெரிய நாவலில் கை வைக்காதீர்கள். ஷெர்லாக் ஹோம்ஸ் சிறுகதை ஒன்றை எடுங்கள். ஆர்தர் கானன் டாயில் ஹோம்ஸை வைத்து எழுதியது 4 நாவல்கள், 56 சிறுகதைகள். சிறுகதைகள்தான் சரக்கு.

நம் பக்கத்துக்காரர்களுக்கு நான் முதலில் கொடுப்பது 1891-இல் வெளிவந்த ‘ஐந்து ஆரஞ்சு விதைகள்’. காரணம் இருக்கிறது. இங்கிலாந்தில் ஒரு கிராமப் பக்கம், காலை உணவு மேஜை. ஒரு முதியவருக்குக் கடிதம் வருகிறது. உறையைப் பார்த்துவிட்டு அவர் சொல்கிறார்: இந்தியாவிலிருந்து வந்திருக்கிறது, பாண்டிச்சேரி முத்திரை! பிரித்தால் காய்ந்த ஆரஞ்சு விதைகள் ஐந்து தட்டில் விழுகின்றன. மனிதர் முகம் வெளிறிப்போகிறது. அது 1883 மார்ச் 10. மே 2-ஆம் தேதி இரவு அவர் இறந்துபோகிறார்.

பின்னால் இன்னொரு கடிதம் டண்டியிலிருந்து, மூன்றாவது லண்டன் கிழக்குப் பகுதியிலிருந்து. பாண்டிச்சேரி, டண்டி, லண்டன். மூன்றுக்கும் பொதுவானது எது? ஹோம்ஸ் கேட்பதற்குள் நம் ஊர் வாசகருக்குத் தெரிந்துவிடும். மூன்றும் துறைமுகம். அப்படியானால் எழுதியவன் எங்கே இருக்கிறான்? இதுவரை சுலபம். அடுத்ததுதான் அழகு. பாண்டிச்சேரிக் கடிதத்துக்கும் சாவுக்கும் இடையில் ஏழு வாரம். டண்டிக் கடிதத்துக்கும் அடுத்த சாவுக்கும் மூன்று நாலு நாள்தான். ஏன் இந்த வித்தியாசம்? இதற்கான பதிலை நான் சொல்லப்போவதில்லை. தபால் எதில் போகும், ஆள் எதில் போவான் என்று யோசித்துக்கொண்டே படியுங்கள்.

கடைசியில் ஹோம்ஸ் ஒரு நாள் முழுக்கக் கப்பல் பதிவேடுகளோடு உட்கார்ந்து, 1883 ஜனவரி, பிப்ரவரியில் பாண்டிச்சேரியைத் தொட்ட ஓரளவு பெரிய கப்பல்கள் முப்பத்தாறு என்று எண்ணி எடுக்கிறார். இந்த வரியை நான் முதலில் படித்தது புதுச்சேரி கடற்கரைச் சாலையில், காந்தி சிலைக்குப் பக்கத்துக் கல்லில் உட்கார்ந்து. தலையை நிமிர்த்திக் கடலைப் பார்த்தேன். அந்தக் காலத்தில் கப்பல் கரைக்கு வராது; தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும், படகில்தான் ஆளும் சரக்கும் வந்து போகும். அப்படி ஒரு படகில் இறங்கி வந்து, தபாலாபீஸைத் தேடி, விதைகளை உறையில் போட்டு ஒட்டியிருக்கிறான் ஒருவன். கற்பனைதான். ஆனால் அன்றிலிருந்து துப்பறியும் கதையை நான் படிக்கும் விதம் மாறிவிட்டது. கொலைக்காகப் படிப்பதை விட்டு, அந்த ஊரில் தபால் எப்படிப் போகிறது, ரயில் எத்தனை மணிக்கு, காலையில் மேஜைமேல் என்ன இருக்கிறது என்பதற்காகப் படிக்க ஆரம்பித்தேன். துப்பு என்பது அதற்குள்தானே ஒளிந்திருக்கிறது.

இன்னொரு தகவல். 1890-இல் வந்த ‘நால்வர் குறி’ நாவலில், இந்தியாவில் வேலை பார்த்துவிட்டு லண்டன் திரும்பும் ஒரு மேஜர் தன் வீட்டுக்கு வைத்திருக்கும் பெயர் ‘பாண்டிச்சேரி லாட்ஜ்’. டாயிலுக்கு அந்தப் பெயரின் ஓசை பிடித்திருக்க வேண்டும்.

துப்பறியும் கதையும் க்ரைம் கதையும் ஒன்றுதானே?

இல்லை. க்ரைம் கதையில் குற்றம் இருந்தால் போதும். துப்பறியும் கதையில் வாசகருக்கும் ஒரு நாற்காலி போட்டிருக்க வேண்டும். துப்பறிகிறவர் பார்த்ததையெல்லாம் நமக்கும் காட்டியிருக்க வேண்டும். கடைசிப் பக்கத்தில் இரட்டைச் சகோதரனைக் கொண்டுவந்து இறக்கினால் அது போங்காட்டம். ரொனால்ட் நாக்ஸ் என்ற பாதிரியார் 1929-இல் இதற்குப் பத்துக் கட்டளைகளே எழுதினார். பேய் பிசாசு கூடாது, ஒன்றுக்குமேல் ரகசிய வழி கூடாது, யாரும் கண்டுபிடிக்காத விஷம் கூடாது, முன்கூட்டிச் சொல்லாமல் இரட்டையர் கூடாது. நம் சீரியல் எழுதுகிறவர்களுக்கு யாராவது ஒரு பிரதி அனுப்பலாம்.

அகதா கிறிஸ்டி கதைகளில் வரும் விஷமெல்லாம் நிஜமா? நீங்க மருந்துக் கடைக்காரர், உங்களுக்குத் தெரியுமே.

நிஜம். அந்த அம்மாள் எங்கள் தொழில்காரர். முதல் உலகப் போரின்போது டார்க்கி நகரில் நர்ஸாக இருந்து, பிறகு மருந்து கலக்கும் பிரிவுக்குப் போய், பரீட்சை எழுதித் தேறியவர். அப்போதெல்லாம் மாத்திரை அட்டையில் வராது. எடை போட்டு, இடித்து, கலக்கி, பாட்டிலில் ஊற்றிக் கொடுக்க வேண்டும். ஒரு புள்ளி இடம் மாறினால் ஆள் காலி. அவருக்குப் பயிற்சி கொடுத்த மருந்துக் கடைக்காரர் ஒருவர் சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன உருண்டையை வைத்துக்கொண்டிருப்பாராம். க்யூராரே. வாயில் போனால் பாதகமில்லை, ரத்தத்தில் கலந்தால் மூச்சு நின்றுவிடும். ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, அது பையில் இருந்தால் தனக்கு ஒரு சக்தி இருப்பதுபோல் தோன்றுகிறது என்றாராம் மனிதர். கிறிஸ்டி அதைத் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். ஒரு நாவலுக்கு வேண்டிய ஆள் அந்த ஒரு பதிலிலேயே கிடைத்துவிட்டான்.

1920-இல் வந்த அவருடைய முதல் நாவலில் விஷம் ஸ்ட்ரிக்னின். பெயர்தான் புதுசு, சாமான் நமக்குப் பழக்கம்: எட்டிக்கொட்டை. ‘எட்டி பழுத்தென்ன, ஈயாதார் வாழ்ந்தென்ன’ என்று சொல்கிறோமே, அந்த எட்டி. அந்த நாவல் வந்தபோது மருந்தாளுநர்களுக்கான பத்திரிகை ஒன்று, மருந்து விஷயத்தைத் தப்பில்லாமல் எழுதியிருக்கிறார் என்று பாராட்டியது. மற்ற எந்த விருதையும்விட அதுவே தனக்குப் பெருமை என்று அவர் நினைத்திருந்தால் ஆச்சரியமில்லை.

சிரப் பாட்டிலில் ‘குடிக்கும் முன் நன்றாகக் குலுக்கவும்’ என்று ஒட்டியிருப்பதை யாரும் படிப்பதில்லை. அந்த ஒரு வரியின்மேல் ஒரு கொலையையே கட்டியிருக்கிறார். எந்த நாவல் என்று கேட்காதீர்கள்.

இன்னொன்று, இது கதையல்ல. 1977-இல் கத்தாரிலிருந்து 19 மாதக் குழந்தை ஒன்றை லண்டன் மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். நோய் என்னவென்று டாக்டர்களுக்குப் பிடிபடவில்லை. பக்கத்தில் இருந்த நர்ஸ் அப்போது கிறிஸ்டியின் நாவல் ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தார். குழந்தைக்கு முடி உதிர்வதைப் பார்த்து, இது தாலியம் விஷமாக இருக்கலாம் என்றார். சோதித்தார்கள், தாலியமேதான். வீட்டில் பூச்சிக்கு வைத்த மருந்திலிருந்து வந்திருக்கிறது. குழந்தை பிழைத்தது. கடையில் கதைப்புத்தகம் படிக்கிறான் என்று என்னைக் குறை சொல்கிறவர்களிடம் இதைத்தான் சொல்வேன்.

பிரெஞ்சுக்காரர்கள் நன்றாக எழுதுவார்களாமே? நம் பாண்டிச்சேரிக்கு அதில் பங்கு உண்டா?

முதல் துப்பறியும் கதை என்று எல்லோரும் சொல்வது 1841-இல் வந்த ‘ரூ மோர்க் கொலைகள்’. பாரீஸில் நடக்கிறது, ஆனால் எழுதிய எட்கர் ஆலன் போ அமெரிக்கர். ரூ மோர்க் என்று ஒரு தெருவே பாரீஸில் கிடையாது. பாண்டிச்சேரியில் ‘ரூ’ என்று ஆரம்பிக்கும் நீலப் பெயர்ப்பலகைகளைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு பலகையில் அது எழுதியிருக்கக் கூடாதா என்று தோன்றும்.

லூப்பேன் என்ற கனவான் திருடனை மொரீஸ் லெப்லான் 1905-இல் படைத்தார். போகிற போக்கில் ஷெர்லாக் ஹோம்ஸையும் கதைக்குள் இழுத்துவிட்டார். டாயில் ஆட்சேபித்ததும் பெயரை ‘ஹெர்லாக் ஷோம்ஸ்’ என்று மாற்றி, பழையபடி கேலி செய்தார். குறும்பு என்றால் இது.

ஆனால் நான் கையெடுத்துக் கும்பிடுவது ஜார்ஜ் சிமெனோனைத்தான். பெல்ஜியத்துக்காரர், பிரெஞ்சில் எழுதினார். இன்ஸ்பெக்டர் மெக்ரேவை வைத்து மட்டும் 75 நாவல்கள், 28 சிறுகதைகள். மெக்ரேவுக்கு மந்திர மூளை கிடையாது, தடயத்தைக் கண்ணாடி வைத்துப் பார்ப்பதும் கிடையாது. பைப்பில் புகையிலையை அடைத்துக்கொண்டு, இறந்தவன் உட்கார்ந்த நாற்காலியில் போய் உட்காருவார். அவன் குடித்த கடையில் குடிப்பார். மழை பெய்யும். வீட்டில் மனைவி சமைத்து வைத்துக் காத்திருப்பார், இவர் போகமாட்டார். விசாரணை இரவு முழுக்க நீண்டால் பக்கத்துக் கடையிலிருந்து சாண்ட்விச்சும் பீரும் வரும், எதிரே இருக்கும் குற்றவாளிக்கும் சேர்த்து. எல்லாம் நூற்றைம்பது, இருநூறு பக்கத்துக்குள். கடலூரில் பஸ் ஏறி, முள்ளோடை தாண்டி, அரியாங்குப்பம் நெரிசலில் நின்று நின்று பாண்டி போய்த் திரும்பினால் பாதி முடித்துவிடலாம்.

ஜப்பான் கதைகளை ஏன் இப்படித் தூக்கிப் பிடிக்கிறீர்கள்?

அவர்கள் இதை ஒரு விரதம்போலச் செய்கிறார்கள். ஜப்பானியத் துப்பறியும் கதையின் தந்தை என்று சொல்லப்படுகிறவர் எடோகாவா ராம்போ. இந்தப் பெயரை வேகமாக நாலு தரம் சொல்லிப் பாருங்கள். எட்கர் ஆலன் போ! அவருடைய சொந்தப் பெயர் ஹிராய் தாரோ. குருவின் பெயரையே வைத்துக்கொண்டு 1923-இல் எழுத ஆரம்பித்தவர்.

எனக்கு மிகப் பிடித்தது செய்ச்சோ மட்சுமோட்டோ எழுதி 1958-இல் புத்தகமாக வந்த ‘புள்ளிகளும் கோடுகளும்’. கடற்கரையில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் இறந்து கிடக்கிறார்கள். பார்த்தவுடன் காதலர் தற்கொலை என்று ஃபைலை மூடப் பார்க்கிறது போலீஸ். வயதான உள்ளூர்த் துப்பறிவாளர் ஒருவருக்கு மட்டும் ஒன்று உறுத்துகிறது. இறந்தவனின் பையில், ரயிலின் உணவகப் பெட்டியில் சாப்பிட்டதற்கான ரசீது. அதில் ‘ஒரு நபர்’ என்று போட்டிருக்கிறது. சாகப்போகும் காதலர்கள் சேர்ந்து ரயிலில் வந்தால், ஒருவன் மட்டும் ஏன் தனியாகப் போய்ச் சாப்பிட்டான்? அவ்வளவுதான், நூல் நுனி கிடைத்துவிட்டது.

அப்புறம் அந்த நாலு நிமிஷம். டோக்கியோ நிலையத்தில் 13-ஆம் பிளாட்பாரத்தில் நின்றால் 15-ஆம் பிளாட்பாரம் தெரியாது. நடுவில் எப்போதும் ஏதாவது ரயில் நிற்கும். ஒரு நாளில் நாலே நாலு நிமிஷம் மட்டும் நடுவில் எதுவும் இருக்காது. அந்த நாலு நிமிஷத்தில் ஒருவர் எதையோ ‘தற்செயலாக’ப் பார்க்கிறார். ரயில்கள் நிமிஷம் பிசகாமல் வரும் நாட்டில்தான் இந்தக் கதையை எழுத முடியும். நம் திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனில் இதே திட்டத்தைப் போட்டிருந்தால் கொலையாளி பாவம், பிளாட்பாரத்தில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்திருப்பான்.

பூட்டிய அறைப் புதிர் பிடிக்கும் என்றால் செய்ஷி யோகோமிசோவின் ‘ஹோன்ஜின் கொலைகள்’ (1946). கல்யாண இரவு, சுற்றிலும் பனி, பனியில் காலடித் தடமே இல்லை. மூளைக்கு ஒன்று, மனசுக்கு ஒன்று என்று இரண்டும் வேண்டும் என்றால் கெய்கோ ஹிகாஷினோவின் ‘சந்தேக நபர் எக்ஸ்’ (2005). யார் செய்தது என்பது ஆரம்பத்திலேயே தெரிந்துவிடும். அப்படியிருந்தும் கடைசியில் அடி விழும்.

ஸ்வீடன், இத்தாலி?

ஸ்வீடனில் மை ஷோவல், பெர் வாலூ என்ற இணையர் 1965 முதல் 1975 வரை சரியாகப் பத்து நாவல்கள் எழுதினார்கள். பிள்ளைகள் தூங்கிய பிறகு ஆளுக்கு ஓர் அத்தியாயம் என்று மாற்றி மாற்றி எழுதுவார்களாம். முதல் நாவலில் கால்வாயில் ஒரு பெண்ணின் உடல் கிடைக்கிறது. அவள் யார் என்று தெரியவே மாதக்கணக்காகிறது. போலீஸ்காரர்களுக்குச் சளி பிடிக்கிறது, வயிறு சரியில்லை, வீட்டில் சண்டை. இன்று டிவியில் பார்க்கும் களைத்துப்போன போலீஸ் அதிகாரிகள் பலர் இவர்களுடைய பிள்ளைகள்தான். எனக்கு மரியாதை உண்டு, ஆனால் தொடர்ந்து மூன்று படித்தால் ஒரு வெயில் நாளுக்கு ஏங்க ஆரம்பித்துவிடுவேன்.

அந்த வெயில் இத்தாலியில் கிடைக்கும். அங்கே துப்பறியும் கதைக்கு ‘ஜால்லோ’ என்று பெயர். மஞ்சள் என்று அர்த்தம். 1929-இல் ஒரு பதிப்பகம் இந்த வகை நாவல்களை மஞ்சள் அட்டையில் போட ஆரம்பித்து, நிறமே பெயராகிவிட்டது. (தமிழில் மஞ்சள் பத்திரிகை என்றால் வேறு கதை. அம்மாவிடம் இதை விளக்கப்போய் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.) ஆண்ட்ரியா கமில்லேரியின் மொந்தல்பானோ நாவல்கள் 1994-இல் ஆரம்பித்தன, அப்போது அவருக்கு வயது எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தது. சிசிலித் தீவில் துறைமுகச் சிற்றூர், வெயில், மீன், அதிகாரிகளோடு ஓயாத தகராறு. இன்ஸ்பெக்டர் சாப்பிடும்போது யாரும் பேசக் கூடாது. பேசினால் மீனின் ருசி போய்விடும். கடலூர் முதுநகர்க்காரர் எவருக்கும் இந்த மனுஷரை உடனே பிடித்துப்போகும்.

வங்காளத்தில் பியோம்கேஷ், ஃபெலூடா என்கிறார்களே?

இரண்டு பேரும் நல்லவர்கள். சரதிந்து பந்தோபாத்யாய 1932-இல் படைத்த பியோம்கேஷுக்கு ‘டிடெக்டிவ்’ என்ற சொல்லே பிடிக்காது. தன்னைச் ‘சத்யான்வேஷி’, உண்மையைத் தேடுகிறவன் என்றுதான் சொல்லிக்கொள்வார். கல்யாணம் செய்துகொள்வார், பிள்ளை பிறக்கும், வயதாகும். சத்யஜித் ராய் 1965-இல் சிறுவர் பத்திரிகையில் ஆரம்பித்த ஃபெலூடா பிள்ளைகளுக்கு. தமிழிலும் வந்திருக்கிறது. ஏழாவது, எட்டாவது படிக்கும் பிள்ளைக்கு என்ன கொடுக்கலாம் என்று கேட்கும் அம்மாக்களுக்கு ஒரே பதில் அதுதான்.

தமிழில் யாரும் எழுதவில்லையா?

கோபம் வருகிற கேள்வி இது. 19-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள்ளேயே பண்டித நடேச சாஸ்திரி தானவன் என்ற போலீஸ்காரரை வைத்துக் கதை எழுதிவிட்டார். ஜே.ஆர்.ரங்கராஜுவின் துப்பறியும் கோவிந்தனைத் தேடித் தேடிப் படித்த தலைமுறை ஒன்று இருந்தது. ஆரணி குப்புசாமி முதலியார் ஆங்கில நாவல்களைத் தழுவி எழுதிக் குவித்தார். வடுவூர் துரைசாமி அய்யங்காரின் திகம்பர சாமியார் 1950-இல் படமாக வந்தபோது நம்பியார் பதினோரு வேஷத்தில் வந்தார். தழுவல் வேண்டாம், மொழிபெயர்த்துப் போடுங்கள் என்று அந்தக் காலத்தில் சண்டை பிடித்த புதுமைப்பித்தன் பிறந்தது இதே திருப்பாதிரிப்புலியூரில்தான், 1906-இல். நான் அவர் கட்சி.

தேவனின் துப்பறியும் சாம்பு தனி ரகம். மூளையே இல்லாத பேங்க் குமாஸ்தா, போகிற இடத்திலெல்லாம் தடுக்கி விழுந்தே கேஸைக் கண்டுபிடிப்பார். தமிழ்வாணனின் சங்கர்லால் எங்கள் அப்பா தலைமுறையின் நாயகன். தேநீர் குடித்தால் மூளை வேலை செய்யும். சுஜாதாவின் கணேஷ் 1968-இல் ‘நைலான் கயிறு’ தொடரில் தனியாகத்தான் வந்தார். வசந்த் சேர்ந்த பிறகு வாசகர்கள் கேஸை விட்டுவிட்டு வசந்தின் வாயைப் படிக்க ஆரம்பித்தார்கள். எண்பதுகளில் ராஜேஷ்குமாரின் விவேக், ரூபலா, பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத், சுசீலா, சுபாவின் நரேந்திரன், வைஜெயந்தி. மாதம் பிறந்தால் பஸ் ஸ்டாண்ட் கடையில் கிளிப் மாட்டித் தொங்கும். படித்து முடித்ததும் பக்கத்து சீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு இறங்கிவிடலாம்.

குறை ஒன்று உண்டு, சொல்லிவிடுகிறேன். மாதம் ஒன்று எழுதும் ஓட்டத்தில் வேகம் வந்தது, ஊர் வரவில்லை. கதை சென்னையிலும் கோவையிலும் நடக்கும், ஆனால் தெருவின் பெயரை மாற்றிவிட்டால் எங்கே நடந்தாலும் ஒன்றுதான். அந்த ஒரு நபர் ரசீது மாதிரி ஒன்று அதில் அகப்படுவது அபூர்வம்.

பழைய இலக்கியத்தில் துப்பறிதல் உண்டா?

தமிழாசிரியர் ஒருவர், பி.பி. மாத்திரை வாங்க வருகிறவர், இதைக் கேட்டுவிட்டு அவரே பதிலும் சொல்லிவிட்டார். வள்ளுவர் ஒற்றாடல் என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். ‘ஒற்றொற் றுணராமை ஆள்க உடன்மூவர் சொற்றொக்க தேறப் படும்’ என்பது 589-ஆவது குறள். ஒருவரை ஒருவர் அறியாத மூன்று ஒற்றர்களை அனுப்பு, மூவர் சொல்லும் ஒத்துப்போனால் நம்பு. இன்றைக்கும் சாட்சிகளைத் தனித்தனி அறையில் உட்காரவைத்து விசாரிப்பது இதற்குத்தானே.

சிலம்பில் நடந்தது துப்பறியாததால் வந்த வினை. பொற்கொல்லன் சொன்னதை வைத்துக் கோவலனைக் கொன்றாயிற்று. திருட்டுப் போன சிலம்பில் பரல் என்ன, இவனிடம் இருந்ததில் பரல் என்ன என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. கேட்டது கண்ணகி. என் சிலம்பில் மாணிக்கம் என்கிறாள் அவள், எங்கள் சிலம்பில் முத்து என்கிறான் பாண்டியன், உடனே உடைத்துக் காட்டுகிறாள். அவள் அரசனை அழைக்கும் முதல் சொல்லே ‘தேரா மன்னா’, ஆராய்ந்து பார்க்காதவனே என்பதுதான். துப்புக் கெட்டவனே என்று நாம் சொல்வதை இளங்கோ மரியாதையாக எழுதியிருக்கிறார் என்று முடித்தார் ஆசிரியர். அன்று அவருக்கு மாத்திரையில் தள்ளுபடி கொடுத்தேன்.

முடிவு தெரிந்துவிட்டால் படித்து என்ன பயன்?

முடிவு தெரிந்தே நான் மூன்றாம் தரம் படிக்கும் நாவல்கள் இருக்கின்றன. முதல் தரம் நம்மை எப்படி ஏமாற்றினார்கள் என்று பார்ப்பதில் தனி சுகம். அதற்காக, படிக்காதவரிடம் போய்ச் சொல்லாதீர்கள். அது பாவம்.

புத்தகம் எங்கே வாங்குகிறீர்கள்?

புதுச்சேரி மகாத்மா காந்தி வீதி ஞாயிறு சந்தையில், சட்டை பேன்ட் குவியலுக்கு நடுவே பழைய புத்தகக்காரர்கள் இருப்பார்கள். காலையிலேயே போனால் நல்லது. வாங்கும் முன் கடைசிப் பத்துப் பக்கம் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள், ஆனால் படித்துவிடாதீர்கள். கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பக்க எண்ணை மட்டும் பார்ப்பது ஒரு கலை. காசு செலவில்லாமல் படிக்க, 1827-இலிருந்து இருக்கும் ரோமன் ரோலண்ட் நூலகம்.

நம்ம ஊரை வைத்து ஒரு துப்பறியும் நாவல் வந்தால் எப்படி இருக்கும்?

அதைத்தான் நானும் கேட்கிறேன். வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். புதுச்சேரி எல்லை ஒரே துண்டாக இல்லை. பாகூர்ப் பக்கம், வில்லியனூர்ப் பக்கம் என்று தமிழ்நாட்டு ஊர்களுக்கு நடுவில் திட்டுத் திட்டாகக் கிடக்கிறது. வரப்பின் இந்தப் பக்கம் ஒரு போலீஸ், அந்தப் பக்கம் ஒரு போலீஸ். வரப்பின்மேல் ஒரு பிணம் கிடந்தால் எந்த ஸ்டேஷனில் எழுதுவது? காலத்தைப் பின்னால் தள்ளினால் இன்னும் நல்லது. 1954 நவம்பர் 1 வரை புதுச்சேரியில் பிரெஞ்சு ஆட்சி, சிவப்புத் தொப்பி போலீஸ், பிரெஞ்சுச் சட்டம். பெண்ணையாற்றைத் தாண்டினால் 1947 வரை வெள்ளைக்காரன் ஆட்சி. பாரதி 1908-இலிருந்து பத்து வருஷம் புதுச்சேரியில் இருந்தபோது பிரிட்டிஷ் ஒற்றர்கள் அவர் வீட்டு வாசலையே சுற்றிக்கொண்டிருந்தார்கள். கதைக்கு வேண்டிய ஆட்கள் தெருவில் நடந்துகொண்டிருந்தார்கள், எழுதத்தான் ஆளில்லை.

புத்தகம் இரவல் தருவீர்களா?

தருவேன். ஒரு நோட்டில் பெயரும் தேதியும் எழுதிவிட்டு எடுத்துப் போகலாம். ஆனால் ஒரு சம்பவத்தைச் சொல்ல வேண்டும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், நாலு பேர் கைமாறித் திரும்பி வந்த ஒரு கிறிஸ்டி நாவலைப் புரட்டினால், 23-ஆம் பக்கத்தில் ஒருவனுடைய பெயரைச் சுற்றி நீலத்தில் பெரிய வட்டம். பக்கத்தில் ஓர் ஆச்சரியக்குறி. எனக்கு ரத்தம் கொதித்தது. நோட்டைப் பார்த்தேன்: முதலில் கல்லூரிப் பையன், இரண்டாவது ஓய்வு பெற்ற தாசில்தார், மூன்றாவது பள்ளிக்கூட டீச்சர், நாலாவது செல்போன் கடைப் பையன். டீச்சர்தானே தப்பைக் கண்டால் வட்டம் போடுகிறவர் என்று நானாக முடிவு கட்டி, அவர் வந்தபோது கொஞ்சம் கடுமையாகக் கேட்டுவிட்டேன். “எனக்கு வரும்போதே இருந்தது சார்” என்றார். நான் நம்பாததுபோல் முகத்தை வைத்துக்கொண்டேன். அதோடு அவர் கடைப்பக்கம் வருவதை நிறுத்திவிட்டார்.

மாத்திரை அட்டையின் பின்பக்கத்து ஃபாயிலில் பேனா எழுதாது. காலை, இரவு என்று எழுதிக் கொடுக்க சிடி மார்க்கர் வைத்திருப்போம். ஒரு நாள் அதில் எழுதிக்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது. புத்தகத்தை எடுத்து 24-ஆம் பக்கத்தைப் பார்த்தேன். மை மறுபக்கம் ஊறியிருந்தது. பால்பாயின்ட் பேனா அப்படி ஊறாது. அதே மார்க்கர், அதே நீலம். மத்தியானம் இரண்டிலிருந்து நாலு வரை நான் சாப்பிட்டுத் தூங்கப் போகும்போது கல்லாவில் உட்காருகிறவர் எங்கள் அம்மா.

“ஆமா, நான்தான் போட்டேன். அவன் முழியே சரியில்லை, அவன்தான்னு நெனச்சேன்” என்றார் அம்மா. வட்டத்துக்குள் இருந்தவன் கொலையாளியே இல்லை என்பதை அப்போதுதான் நானும் கவனித்தேன். கோபத்தில் பெயரைக்கூடச் சரியாகப் படிக்கவில்லை.

ஒரு மெக்ரே நாவலை எடுத்துக்கொண்டு டீச்சர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் காபி கொடுத்துவிட்டு, அந்த வட்டத்தை நம்பி இருநூறு பக்கம் அவனையே சந்தேகப்பட்டுப் படித்ததாகவும், கடைசி அத்தியாயத்தில் தூக்கிவாரிப் போட்டதாகவும் சொன்னார். அந்தப் புத்தகம் இன்னும் தட்டில் இருக்கிறது. இப்போது வருகிறவர்கள் பெயரைச் சொல்லிக் கேட்பதில்லை, அம்மா வட்டம் போட்டது இருக்கிறதா என்றுதான் கேட்கிறார்கள். நோட்டில் இப்போதைக்கு ஆறு பேர் வரிசையில்.